ஷீபாவின் கொல்லி அணுக்கள்

ஐ.சி.யூ. நர்ஸாக இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: மூத்திரம் அளப்பது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருத்தி. நாகர்கோவிலில் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த இன்னொருத்தி ஷீபா. என்னோடு படித்து, என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள்.

ஆள் எடுப்பு

கிருமியோடு உடம்பு போடும் சண்டை கைமீறி, சொந்த உறுப்புகளையே கெடுப்பதுதான் செப்சிஸ். அந்தச் சண்டையில் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்ற வெள்ளையணுக்களின் பங்கு என்ன என்று ஆராயும் எங்கள் டாக்டருக்கு, நோயாளிகளிடம் ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ் தேவைப்பட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் ஷீபாவைக் கூப்பிட்டார். வயிறு எரிந்தது. ஏன் சார் என்று கேட்டே விட்டேன்.

"நீ அங்க போயிட்டா இங்க ஆரு வேலை பாப்பா?"

கருங்கல்காரர்

கருங்கலிலிருந்து தாசன் வந்தார். மரச்சீனிக் கிழங்கு போட்ட விளையில் மண்வெட்டி காலில் பட்டு, புண் பழுத்து, காய்ச்சலடித்து, பிரஷர் இறங்கி, பேச்சுக் குழறிக் கிடந்தார். மருந்து ஏற்றியது, புரட்டிப் படுக்க வைத்தது, வாய் துடைத்தது எல்லாம் நான். ஷீபா வந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். தாசனின் மனைவி ரோஸம்மா என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, அந்தப் பெரிய சிஸ்டர் இனி எப்பம் வருவாவ?"

வகுப்பு

ஷீபா எங்களுக்கு வகுப்பும் எடுத்தாள். கொல்லி அணுக்கள் முதலில் நோயுற்ற செல்களை அடிக்கும், மற்ற அணுக்களையும் உசுப்பிவிடும். உசுப்பல் கூடினால் நுரையீரலும் கிட்னியும் அடிவாங்கும். பிறகு அவை குறைந்து, சோர்ந்துபோகும். அப்போது புதுக் கிருமி எளிதில் நுழையலாம். எங்கேயாவது உளறுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உளறவில்லை. "அப்ப இந்த அணு நல்லதா, கெட்டதா?" என்று மடக்கினேன். அவள் சிரித்தாள்.

"தெரியாதுட்டி. அதுக்குத்தானே ரத்தம் எடுக்கேன்."

இரண்டாம் காய்ச்சல்

தாசன் தேறி, வார்டுக்கு மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. அன்று உடம்பு துடைக்கும்போது அவர் மூச்சு சற்று வேகமாகப் பட்டது. சளியின் நிறமும் மாறியிருந்தது, உடம்பும் லேசாகச் சுட்டது. ஷீபா சொன்ன புதுக் கிருமி மனசில் உறுத்த, டாக்டரை அழைத்தேன். எக்ஸ்ரேயில் நிமோனியா. உடனே மருந்தை மாற்றினார்கள், ஆள் பிழைத்தார். எல்லாரும் நிற்க டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஷீபா கிளாஸ் எடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாத்தியா!"

மட்டிப்பழம்

வீட்டுக்குப் போகும் நாளில் ரோஸம்மா மட்டிப்பழக் குலையை ஷீபாவிடம் நீட்டினார். "ரெண்டாவது காய்ச்சலக் கண்டது ஜெயாதான்" என்று ஷீபா என்னைக் காட்டினாள். அந்த நல்ல மனசின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. ரோஸம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்பம் ரெண்டுபேரும் எடுங்க மக்கா, பெரிய சீப்பு மட்டும் அந்த சிஸ்டருக்கு."

தாசன் குணமாகிவிட்டார் சகோதரிகளே, எனக்குத்தான் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.