வாசித்துப் பார்த்தேன் என்று சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்னர், மாரிமழை விட்ட கையோடு நடந்தது இது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், அப்பா எனக்கு எழுதிவைத்த ஐந்து பரப்புத் தோட்டக்காணி, ஏறக்குறைய மூன்றிலொரு ஏக்கர், சும்மா கிடந்தது. நான் கல்யாணம் முடித்து நெல்லியடியில் இருக்கிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மாதத்தில் ஒருதடவை ஊருக்குப் போனால் பெரிய காரியம்.

அந்தக் காணியில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் திட்டுத்திட்டாக வெளியே தெரியும். ஒன்றும் நட முடியாது. பக்கத்துக் காணிக்காரர் வெங்காயம் செய்கிறவர். சின்ன வயதிலிருந்தே அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு காணிக்கும் சேர்த்து ஒரே கிணறு. நான் இறைப்பதில்லை என்பதால் அவர் ஒருவர்தான் அதை நம்பித் தோட்டம் செய்தார்.

ஒருநாள் ஒரு மனிதர் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். மரியாதையான ஆள். கல்லை எடுத்து நிலத்தைச் சமப்படுத்தி, செம்மண் போட்டு, சில வருடம் வாழை வைத்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னார். அடுத்த கிழமையே ஒப்பந்தத்தோடு வந்தார். ஆங்கிலத்தில் நான்கு பக்கம்.

"ஆறுதலா வாசிச்சுப் பாருங்கோ ரீச்சர்" என்று அவர்தான் சொன்னார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் அவசரப்படுத்தவே இல்லை.

அடுத்த பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. அதைவிட, அவர் முன்னால் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று கூச்சம். முதல் பக்கத்தின் மேல் வரிகளைப் பார்த்தேன். நான்கு இடத்தில் கையெழுத்து வைத்தேன். பிரதியை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

அன்று பின்னேரம் அண்ணை தொலைபேசி எடுத்தார். கதை அவர் காதுக்குப் போயிருந்தது.

"ரீச்சர், எவ்வளவு ஆழம் கிண்டுவினம் எண்டு அதிலை எழுதிக்கிடக்கோ? கிணறு பக்கத்திலை எல்லோ. அதுதான் யோசினையாக் கிடக்கு."

எனக்குத் தெரியாது. ஆனால் ஆங்கில ரீச்சரான நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன் என்று சொல்ல நா எழவில்லை.

"ஓம் அண்ணை, எல்லாம் வாசிச்சுப் பாத்துத்தான் வைச்சனான். மேலை கிடக்கிற கல்லை மட்டும்தான் எடுப்பினம். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

"நீங்கள் பாத்திட்டியள் எண்டாச் சரி" என்று வைத்துவிட்டார். அந்த நம்பிக்கையில் அவர் முழுத் தோட்டத்துக்கும் வெங்காயம் நட்டார்.

மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. லொறிகள் வந்தன. அண்ணை இரண்டு தடவை அழைத்து, "ரீச்சர், உவை நிப்பாட்டுற மாதிரித் தெரியேல்லை" என்றார். சமப்படுத்துகிறார்கள்தானே என்று நான் சமாதானம் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் அழைக்கவில்லை. அவருடைய மனைவி அழைத்தார். "ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தபோது காணி இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு மாடி வீடொன்றை உள்ளே இறக்கி வைக்கலாம். அடியில் ஊறிய தண்ணீரை மோட்டர் போட்டு வெளியே இறைத்துக்கொண்டு இன்னும் கீழே உடைத்தார்கள். நான் வரம்பில் குந்தியிருந்து அந்த ஒப்பந்தத்தை முதல்முறையாக வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. எவ்வளவு ஆழத்துக்கும் கல் எடுக்கலாம். பள்ளத்தை மூடவேண்டிய பொறுப்பு எடுப்பவருக்கு இல்லை. கடினமான ஆங்கிலம்கூட இல்லை. என் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசித்திருந்தாலும் விளங்கியிருக்கும்.

பொலிஸுக்குப் போனேன், அரசாங்கக் கந்தோர் ஒவ்வொன்றாக ஏறினேன். எல்லா இடத்திலும் கடதாசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "கையெழுத்து உங்கடைதானே?" கடைசியில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் அவர்களுக்கு வேண்டிய கல் முழுவதும் போய்விட்டது.

கிணறு முதலில் வற்றியது. நல்ல தண்ணீர் முழுவதும் பள்ளத்து மோட்டரில் போய்விட்டதால், பிறகு ஊறிவந்த தண்ணீர் உவர்ப்பாக இருந்தது. அண்ணை வேறு வழியில்லாமல் அதையே இறைத்தார். வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. ஒரு மாதத்தில் தோட்டம் முழுக்க வைக்கோல் நிறம்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவடியில் நின்றார். இருங்கோ என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அதை நான் வாசிக்கேல்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"வாசிக்கேல்லை எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. அதை வாங்கிக்கொண்டுபோய் வேறை ஆரிட்டையும் குடுத்து வாசிப்பிச்சிருப்பன். அப்ப ஒரு கல்லும் எடுக்கேல்லையே."

நான் ரீச்சரான நாளிலிருந்து அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அது பாசத்தில் வந்ததா, இனி நான் ரீச்சர் இல்லை என்பதற்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பள்ளத்தை மூட நான் எடுத்த முயற்சி ஒன்றும் சரிவரவில்லை. இப்போது யார் யாரோ அதற்குள் குப்பை கொட்டுகிறார்கள். அண்ணை தோட்டத்தை விட்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் சுன்னாகம் சந்தையில் மற்றவர்களின் வெங்காய மூடைகளை லொறியில் ஏற்றுகிறார். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

இப்போது எந்தக் கடதாசி வந்தாலும், எத்தனை பேர் காத்து நின்றாலும், கடைசி வரிவரை வாசிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை. ஆனால் அந்த மனிதர் முன்னால் பட்ட கூச்சத்துக்காகக் கையெழுத்து வைத்ததை என்னால் எப்படியோ மன்னிக்க முடிகிறது. அண்ணை கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.