உடையாத சிவப்புக் கோடு

வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் 'பேட்டரி அக்கா'. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தால் வேறெப்படியும் கூப்பிடத் தோன்றாது.

கட்டியவன் கைவிட்டுப் போனபின் ஒரே ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். அண்ணன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தன் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருந்த அறையைத் திறந்துவிட்டான்.

"சும்மா உட்கார்ந்திருந்தா மனசு அரிச்சிடும். கீழ வந்து ஏதாவது வேலையைப் பாரு பாப்பா."

அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் தோலைச் செருப்பாகத் தைத்துப் போடவும் அவள் தயாராக இருந்தாள்.

அண்ணன் இன்ஜின் வேலை பார்ப்பவன். இன்ஜின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் தாளை அவன் வெட்டினால் ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது. துளை போட்டபின் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். அவள் கைக்குப் படிந்தது பேட்டரி கேபிள். பச்சை பூத்துப்போன பேட்டரி டெர்மினலை வெந்நீர் ஊற்றித் தேய்த்துப் பளபளப்பாக்குவாள். கேபிளின் ரப்பர் உறையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்து, உள்ளே செம்பு கறுத்திருந்தால் தயவு தாட்சணியம் பார்க்காமல் மாற்றிவிடுவாள். கழற்றும்போது கறுப்பு முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். எல்லாம் முடிந்தபின் சட்டைப் பையிலிருந்து ஒரு நகப்பூச்சு பாட்டிலை எடுப்பாள். நட்டின் தலையிலிருந்து அடியில் இருக்கும் இரும்பு வரை ஒரு சிவப்புக் கோடு. நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"என்னக்கா, என் வண்டியை இன்னைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்களா? நெயில் பாலிஷெல்லாம் பலமா இருக்கு!" என்பார் வழக்கமாக வரும் டாக்ஸிக்காரர்.

"ஆமாண்ணா, மாப்பிள்ளை லாரியாம். பல்லைக் காட்டாம ஓரமா நில்லுங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. பேருந்துப் பணிமனையில் மின்வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கொண்டுவந்தவள் அண்ணி.

"எழுதிப் போடும்மா. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும். உனக்குன்னு ஒரு சம்பளம், உனக்குன்னு ஒரு வீடு. எத்தனை நாளைக்கு எங்க தலைக்கு மேலயே குடியிருப்ப?" என்று சிரித்தாள்.

எழுதிப் போட்டாள். செய்முறைத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. அண்ணன் அதை வாங்கி இரண்டு முறை படித்தான். பிறகு அவள் தலையில் கை வைத்து, "நல்லபடியா போயிட்டு வா" என்றான். தேர்வுக்கு முந்தின நாள் மாலை அவனே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டுபோய், அவள் வாங்கித் தானே சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்த பழைய காரைக் கழுவினான். மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடப் பிறந்தவன் என்றால் இவனல்லவா!

விடிந்தது. சாமான் வாங்கவேண்டும் என்று அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தான். அவள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

டக். டக். அவ்வளவுதான்.

பானெட்டைத் தூக்கினாள். விளக்கு எரிகிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை. சிவப்புக் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். டக். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தாள். டக். கறுப்புக் கேபிள் காரின் உடம்போடு சேரும் எர்த் போல்ட்டைக் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட கோடு உடையாமல் அப்படியே இருந்தது. கோடு உடையவில்லை என்றால் யாரும் தொடவில்லை, அங்கே குறை இல்லை. ஊரார் வண்டிகளிலெல்லாம் அவள் நம்பிய கணக்கு அது. அதை விட்டுவிட்டு மற்ற இடங்களையெல்லாம் குடைந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் பெரிய சாலைக்கு ஓடி, நின்ற பேருந்தில் தொற்றிக்கொண்டாள். பணிமனை வாசலில் கதவு சாத்தியிருந்தது.

"உள்ள ஆரம்பிச்சாச்சும்மா. இனி திறக்கக்கூடாது" என்றார் காவலாளி. அவளுடைய கைகளைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா."

அவளுக்கு அடுத்த தடவை கிடையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மதியம் திரும்பிவந்தவள் உடை மாற்றவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நேராகக் காரிடம் போனாள். இனி பார்க்க மிச்சமிருந்தது அந்த எர்த் போல்ட் ஒன்றுதான். ஸ்பேனரை வைக்கும் முன் கோட்டை நகத்தால் சுரண்டினாள். மேல்பூச்சு பசையாக உரிந்துவந்தது. அடியில் இன்னொரு கோடு. பழைய கோடு. நட்டின் மேல் ஒரு பாதி, இரும்பின் மேல் ஒரு பாதி என்று விலகி நின்றது.

யாரோ நட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மேலே புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றினாள். கேபிளின் முனைக்கும் இரும்புக்கும் நடுவே கேஸ்கட் தாளில் வெட்டிய ஒரு வளையம். தாள் தடுத்ததால் மின்சாரம் போல்ட்டின் மரைவழியே கொஞ்சமாகக் கசிந்து விளக்குக்கு மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது.

வளையத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். ஒரு பிசிறு இல்லை.

வேன் வந்து நின்றது. இறங்கிய அண்ணன் அவள் உள்ளங்கையைப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"அவசரத்துல பண்ணின வேலை மாதிரியே இல்லையேண்ணா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்க. துரோகத்தைக்கூட இவ்வளவு சுத்தமா பண்ணணுமா?"

"பாப்பா... நீ போயிட்டா..."

"சொல்லு."

"வர்றவன் எல்லாம் பேட்டரி அக்கா இருக்காங்களான்னுதான் கேக்குறான். நான் ஒரு இன்ஜினைத் திறந்து எத்தனை நாளாச்சுன்னு உனக்கே தெரியும். நீ போனா இந்த ஒர்க்‌ஷாப்பை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்."

சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் கையில நெயில் பாலிஷ் பாட்டில் எதுக்குன்னு கேட்டேனே! தங்கச்சி வண்டியை ஒரு தடவை சரிபார்க்கிறேன்னு சொன்னீங்களே! அட பாவி மனுஷா!"

அவள் அண்ணன் பக்கமே திரும்பினாள்.

"இதை நேத்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தா, வந்த அழைப்பை நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்ணா. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?"

இத்தனை வருடங்களாக அண்ணன் போட்ட பிச்சையில் வாழ்கிறோம் என்று கூனிக் குறுகி நடந்தவள் அவள். அந்த நினைப்பை ஒருநாளாவது அவன் மாற்ற முயன்றானா?

வாசலில் ஹாரன் அடித்தது. டாக்ஸிக்காரர். தேர்வு முடிந்து வந்ததும் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்த வண்டி. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் வண்டியிடம் போனாள். புதுக் கேபிளை மாட்டி, கறுப்பைக் கடைசியாக முறுக்கினாள். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குள் போனது. பாட்டிலின் மூடியைத் திறந்தாள். சொட்டத் தயாராக இருந்த தூரிகையைப் பார்த்தாள். திரும்ப மூடிவிட்டாள்.

"என்னக்கா, இன்னைக்குப் பொண்ணுக்கு அலங்காரம் இல்லையா?"

"இல்லண்ணா. கோட்டை நம்பாதீங்க. அப்பப்போ நீங்களே கையால அசைச்சுப் பார்த்துக்கங்க."

பாட்டிலை மேசைமேல் வைத்தாள். மாடியேறிப் போய், வந்தபோது கொண்டுவந்த அதே துணிப்பையோடு இறங்கினாள். அறைச் சாவியை அண்ணியின் கையில் வைத்து அழுத்தினாள். அண்ணி அந்தக் கையை விடவே இல்லை.

"எங்கம்மா போவ?"

"தெரியல அண்ணி. கேபிள் அரிக்காத ஊரு எங்கயும் இருக்காது."

தன் காரின் எர்த் போல்ட்டை முறுக்கி, பானெட்டை மூடிச் சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்றில் கார் உயிர்பெற்றது. "பாப்பா!" என்று பின்னால் ஒரு குரல் உடைந்தது. கண்ணாடியில் அண்ணன் தெரிந்தான். அவள் கண்ணாடியைத் திருப்பிவிட்டுச் சாலையைப் பார்த்தாள்.