அண்ணன் விட்ட மருந்துப் படிப்பு

கோச்சடையில ரைஸ்மில்லுல எடை போடுற எங்கண்ணன் அழகுமலைக்கு வாய் இருக்கு, சோறு திங்க மட்டும். பேச வேண்டிய எடத்துல தொறக்காது. நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரமா வருது.

எழுபத்தெட்டுல பி.யூ.சி. தேறி மதுரையில ஒரு காலேஜுல கெமிஸ்ட்ரி சேந்தான். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க காலனியில அதுவரைக்கும் காலேஜ் வாசப்படி மிதிச்ச ஆளு கெடையாது. சர்க்கார் ஸ்காலர்ஷிப், சர்க்கார் ஹாஸ்டல். கெமிஸ்ட்ரின்னா மருந்துன்னு எவனோ சொல்லப்போக, மருந்துப் படிப்பு படிக்கிறான்னு ஊரே பேசுச்சு. ஸ்காலர்ஷிப் கைக்கு வந்ததும் கெடா வெட்டுறேன்னு எங்கம்மா தங்கப்பொண்ணு கருப்பசாமிக்கு நேந்துக்கிட்டா. மொதத் தவணையும் வந்துச்சு.

அங்க இங்கிலீசுல நடத்துனது இவனுக்கு ஒரு எழவும் வெளங்கல. கேக்கக் கூச்சம். பொங்க கழிஞ்சதும் கெமிஸ்ட்ரிய விட்டுட்டு, தமிழ்ல நடத்துற வரலாறுக்கு மாறிட்டான். பணம் ஆளுக்குத்தான குடுக்குறாகன்னு நெனச்சிருக்கான். அது சேந்த படிப்புக்குக் குடுக்குறதாம். நடுவுல விட்டா பணமும் நிக்கும், ஹாஸ்டல் சோறும் நிக்கும்.

காலேஜுல அதப் பாக்குற கிளார்க் காசிமாயன் நல்ல மனுசன். "ஒரு வழி இருக்கு தம்பி. ஏன் மாறுனேன்னு மனு எழுது. பங்குனி பொறக்குறதுக்குள்ள ஒங்கம்மாவ தல்லாகுளம் ஸ்காலர்ஷிப் ஆபீசுக்குக் கூட்டியாந்து கைநாட்டு வைக்கச் சொல்லு"ன்னாரு.

அம்மாவக் கூட்டிட்டுப் போகத்தான் ஊருக்கு வந்தான். வந்த அன்னைக்குன்னு பாத்து சிவராத்திரி, கெடா வெட்டு. பந்தியில கொழம்பு ஊத்திக்கிட்டே வந்தவன்கிட்ட, "மாப்ள, என் முட்டுவலிக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சுக் குடுப்பா"ன்னாரு மாமன் சோணை. எல்லாரும் சிரிச்சாக. அம்மா பூரிச்சுப்போய் நின்னா. அண்ணன் வாளிய எங்கையில குடுத்துட்டுக் கம்மாய்ப் பக்கம் போயிட்டான். விடிஞ்சதும் தனியாத்தான் பஸ் ஏறுனான்.

பங்குனி பொறந்துச்சு. ஹாஸ்டல்ல பெட்டிய எடுக்கச் சொல்லிட்டாக. ஊருக்கும் வரல. ரைஸ்மில்லுல மூட்டை தூக்குறான்னு ஊர்க்காரன் ஒருத்தன் வந்து சொல்ல, அம்மாவும் நானும் அடிச்சுப் புடிச்சு ஓடுனோம். எங்களப் பாத்ததும் மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சான். அம்புட்டு வெக்கம். நான்தான் கையப் புடிச்சு இழுத்து நிறுத்துனேன். தரையப் பாத்துக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான்.

அம்மா வையல. அவன் தலையில கெடந்த தவுட்டைத் தட்டிவிட்டா.

"கெமிஸ்ட்ரியும் வரலாறும் எனக்கு என்னத்தடா தெரியும்? ரெண்டும் படிப்புதான். இந்த வெரலத்தான கேட்டாக? வச்சிருக்க மாட்டேனாய்யா?"

அண்ணன் அந்த வெரலப் பாத்தான். மறுபடியும் மூட்டைக்குப் பின்னாலயே போயிட்டான்.