பொரிந்த சுவரில் ஒரு கோடு

எங்கள் வீட்டு முன்னறைச் சுவர் உப்புக் கரிக்கும். ஒட்டிப் படுத்தால் காலையில் உதட்டோரம் அந்த ருசியும் தலைமுடியில் மாவு மாதிரி வெள்ளைத் தூளும் இருக்கும். இராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் காலத்து வீடுகளைக் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல்லில்தான் கட்டினார்கள். கரையேறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்தக் கல் தரையிலிருந்தும் ஈரக்காற்றிலிருந்தும் உப்பை உறிஞ்சிக்கொண்டு, வெயில் காய்ந்ததும் அந்த உப்பு உள்ளுக்குள்ளேயே பூத்து, கல்லின் தோலைத் தள்ளித் தள்ளி உதிர்த்துக்கொண்டே இருந்தது. உம்மா இதைச் "சுவரு பொரியுது" என்பார். தினமும் ஒரு முறம் தூள் கூட்டி அள்ளுவார், அள்ளும்போதே "அல்லாவே, இது சுவரா, மாவு மில்லா" என்று சலித்துக்கொள்வார்.

எனக்கு அந்தச் சுவர்மேல் இருந்த கோபம் வேறு. வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். திரும்பிப் போகும் நாளன்று, பெட்டி கட்டி முடித்த கையோடு என்னை அந்தச் சுவரில் சாய்த்து நிறுத்தி, உச்சந்தலையை ஒட்டிச் சாவியால் ஒரு கோடு கீறுவார். "அடுத்து வாரப்ப எம்புட்டு ஏறியிருக்கேன்னு பாப்போம்" என்பார். ஃபோனில் பேசும்போதெல்லாம் "கோட்டத் தாண்டிட்டியா" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் அவர் வருவதற்குள் கோடு கீறிய கல்லின் தோலே உம்மாவின் முறத்தில் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும். வாப்பா வெறும் சுவரைத் தடவிவிட்டு, "சரிம்மா, வளந்துதான் இருப்ப" என்பார். அந்த "இருப்ப" எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பள்ளியில் பாறைச் சிதைவு பாடம் நடந்தபோது, வெயிலும் மழையும் உப்பும் சேர்ந்து பாறையை மண்ணாக்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்றார் டீச்சர். எங்கள் வீட்டில் ரெண்டே வருஷத்தில் ஆகிறது என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது, டீச்சர் உட்காரச் சொன்னார்.

அந்தக் கோபத்தில் நான் அடம்பிடிக்க, அடுத்த விடுமுறையில் வாப்பா சுவருக்குச் சிமெண்ட் பூச ஏற்பாடு செய்தார். கமுதிப் பக்கமிருந்து வந்த கொத்தனார் கலவைக்குத் தண்ணீர் கேட்டபோது, உம்மா கொல்லைக் கிணற்றைக் காட்டினார். அது வாயில் வைக்க முடியாத உவர்த் தண்ணீர். "நல்ல தண்ணி" வண்டியில்தான் வரும், குடத்துக்கு அடிபிடி நடக்கும். அதைக் கொண்டுபோய்ச் சிமெண்டில் ஊற்ற எங்கள் தெருவில் யாருக்கும் மனசு வராது. கொத்தனாரும் மறுக்கவில்லை. "சிமெண்டுக்கு என்ன நாக்கா இருக்கு, உப்புத் தெரிய" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். பூச்சு வழவழவென்று வந்தது. வாப்பா ஈரம் காய்வதற்குள் ஆணியால் ஆழமாகக் கோடு போட்டு, பக்கத்தில் என் பெயரையும் எழுதினார். "இனி இது எங்கயும் போவாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

மழைக்காலம் முடிந்து வெயில் அடித்ததும் பூச்சு உப்பியது. தட்டினால் பொத்துப் பொத்தென்று கேட்டது. ஒரு மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பெயரோடு பலகையாகக் கழன்று விழுந்தது. பின்னால் கல் இருந்த இடத்தில் ஈர மாவுதான் இருந்தது. பழைய சுவராவது உப்பை வெளியே உதிர்த்தது. சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைத்துக் கல்லைத் தின்ன விட்டுவிட்டது. எச்சில் கையோடு கத்தி அழுதேன். "சிமெண்டு பூசியும் நிக்கலியே, பாழாப்போன கல்லு" என்றார் உம்மா, கிணற்றுத் தண்ணீரின் ஞாபகமே இல்லாமல்.

இப்போது அந்தச் சுவர் இல்லை. கடலில் கல் எடுக்கத் தடை வந்துவிட்டது, பொரிந்த கல்லை மாற்றி வைக்க வழியில்லாமல் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டினோம். இதிலும் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிகிறது, உள்ளே கம்பி துருவேறுகிறது. முறம் என் கைக்கு வந்திருக்கிறது, எரிச்சலும் கூடவே வந்திருக்கிறது.

வாப்பா ஊரோடு வந்துவிட்டார். முதுகு வளைந்துவிட்டது. போன மாதம் ஆஸ்பத்திரியில் உயரம் பார்த்த நர்ஸிடம், அளவு தப்பு என்று சண்டைக்கே போய்விட்டார். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. "நீ சொல்லும்மா, நான் எம்புட்டு ஒசரம் இருந்தேன்" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒசரமாத்தான் இருந்திருப்பீங்க வாப்பா" என்றேன்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.