ஒரு வரியும் விடாமல் படித்த தாள்

போன வருடம், ஒஸ்லோவில் பனி உருகத் தொடங்கிய சமயம். ஆராய்ச்சி மாணவியாக இங்கே வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நகரின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தஞ்சாவூரில் முதுகலை படித்தபோது, அங்கே ஆண்ட மராட்டிய அரசர்களின் ஆவணங்களைப் படிப்பதற்காக மராத்தியும் அதன் பழைய மோடி எழுத்தும் கற்றேன். மராத்திக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இன்று அந்த எழுத்து தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அக்காவோடு வேலை செய்யும் மராட்டியப் பெண்மணியின் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய தாள் ஒன்று இருந்தது. கணவரின் முன்னோர் ஒருவருக்குப் புனேயில் ஆண்ட பேஷ்வாவின் தர்பாரில் கிடைத்த பாராட்டு என்று குடும்பமே நம்பியது. படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. கணவரின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் அதை எல்லோர் முன்னாலும் நான் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"நீர் பார்த்த உடனை வாசிப்பீர் எண்டு சொல்லிப்போட்டன். என்ரை மானம் உம்மடை கையிலை" என்று அவர்கள் வீடு இருந்த லில்லெஸ்ட்ரோமுக்குப் போகும் ரயிலில் அக்கா சிரித்தார். முதலில் தனியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கர்வம் விடவில்லை.

விருந்தில் சட்டத்தை என் கையில் கொடுத்ததும் இருபது பேர் சுற்றி நின்றார்கள். சிலர் கைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். முதல் இரண்டு வரியில் ஊர், பெயர். மூன்றாவது வரியில் நிறுத்தினேன். அது தர்பார் பாராட்டே இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தக் குடும்பத்தாரின் சாதிப் பஞ்சாயத்து எழுதிய தீர்ப்பு. அந்த முன்னோர் கடல் கடந்து வேலைக்குப் போனதுதான் குற்றம். பரிகாரம் செய்யும்வரை அந்த வீட்டாரோடு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது, பெண் கொடுக்கக் கூடாது.

பிறந்தநாள்காரர் ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரம், விசுவாசம், வெகுமதி என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். சரிபார்க்க அங்கே யாருமில்லை.

அப்போது அம்மா நினைவுக்கு வந்தாள். அப்பா துபாயில் கட்டட வேலை பார்த்தபோது கூட இருந்தவர்களிடம் சொல்லி எழுதிப்போடும் கடிதங்களை அம்மாவுக்கு மளிகைக்கடைக்காரர்தான் படித்துச் சொல்வார். அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த வரிகளை அவர் படிக்காமல் விட்டுவிட்டார். இரக்கப்பட்டுத்தான் விட்டார். ஊர் திரும்பிய அப்பா நொண்டியபடி பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. மறுவாரமே என்னைப் பள்ளியில் சேர்த்தாள்.

முழுவதையும் படித்தேன். ஆங்கிலத்தில் பொருளும் சொன்னேன். அக்கா தரையைப் பார்த்தார். அந்த முன்னோர் பரிகாரம் செய்தாரா என்று மட்டும் பிறந்தநாள்காரர் கேட்டார். தாளில் இல்லை என்றேன். அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அப்படியானால் இங்கே யாரும் யாரோடும் சாப்பிட முடியாது. எல்லோரும் கடல் தாண்டியவர்கள்தானே."

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு கூடமே சிரித்தது. சட்டத்தை அவரே பழைய இடத்தில் மாட்டினார். தரையில் பந்தி போட்டு, என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, போளியில் நெய் ஊற்றினார். அந்தத் தீர்ப்பு எழுதிய காலத்தில் எங்கள் ஆட்கள் அப்படியொரு பந்திக்கு இலை அறுத்துக் கொடுத்திருப்பார்கள், உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டு போளி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

"உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டீர். எனக்கெல்லோ நெஞ்சு பக்கெண்டது" என்றார் அக்கா, திரும்பும் ரயிலில்.

மறுநாள் அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். மோடி எழுத்தும் பேஷ்வாவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஒன்றுதான் கேட்டாள்.

"ஒண்ணும் விடாம படிச்சியா?"

படித்தேன் என்றேன். இன்றும் எந்தப் பழைய தாளைக் கையில் எடுத்தாலும், அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துத்தான் முதல் வரியைத் தொடங்குகிறேன்.