வட்டியில்லாக் கடனும் கண்டல் படிப்பும்

கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவனுக்கு ஒரு வியாதி வரும். யாரைக் கண்டாலும் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்க வாய் துடிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அது போகவில்லை. போன மாதம் உடப்பில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையிடமே கேட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வங்கியில் புதிதாகச் சேர்ந்து மாணவர் கடன் பார்க்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இது ஒரு கடனின் கதை. நல்லபடியாக அடைபடும் கடன் என்று எங்கள் மேனேஜர் சொல்வார். எனக்கோ அதை நினைத்தால் இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது.

1. ஒற்றைக் காலில் நின்றவள்

மதுரங்குளிக் கிளையில் ஒருநாள் மூன்று பேர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்கள். ஒருவர் ஜலால்தீன் நானா, உப்பு லொறி ஓட்டுபவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பம். மற்றது அவருடைய மகள் ஷிபானா. மூன்றாவது ஷிபானாவின் தாய்மாமா. பள்ளிக்கூட ஆசிரியர், மாதச் சம்பளக்காரர் என்பதால் பிணை நிற்க வந்திருந்தார்.

ஷிபானாவின் ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு மோசமில்லை. அரச பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிவிட்டது. கொழும்புப் பக்கம் ஒரு தனியார் கம்பஸில் இயற்கை வளப் பாதுகாப்புப் பட்டம் படிக்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் தவணையையும் மறுபக்கம் அந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்தையும் எழுதினேன்.

"பிள்ளை, இங்க பாருங்கோ. வன இலாகாவில ஒரு இடம் விழுந்தா நாடே விண்ணப்பிக்கும். மிச்சமெல்லாம் புரொஜெக்ட் வேலை. புரொஜெக்ட் முடிஞ்சா சம்பளமும் முடிஞ்சுது. இதே கடனை எக்கவுண்டிங் படிக்கக் கேட்டா நான் ஒரு கதையும் கதைக்க மாட்டன்."

"சேர், களப்போரச் சேத்துல கண்டல் மரம் இல்லாட்டி மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் இடமில்ல. அத எக்கவுண்டன் வந்து நடுவாரா?"

மாமா சிரித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஜலால்தீன் நானா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வட்டி சுத்தமா இல்லத்தானே சேர்?"

"ஒரு சதமும் இல்லை நானா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப போடுங்க."

நிபந்தனைகளை வாய்விட்டு வாசித்தேன். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். தவறினால் பிணை நின்றவரின் சம்பளத்தில் அறவிடப்படும். நானா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

2. அழகிய கடன்

படித்து முடித்து வந்தவுடனே ஷிபானாவுக்குக் கண்டல் நடும் புரொஜெக்ட் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை களப்போரமாகப் போனபோது பார்த்தேன். முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "சேர், எக்கவுண்டனக் கூட்டிட்டு வரல்லியா?" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோசமாக வேலை செய்கிற ஆளை நான் எங்கள் வங்கியில் கண்டதில்லை.

வெளிநாட்டுக் காசு நின்றது, புரொஜெக்ட்டும் நின்றது. சலுகை வருடமும் முடிந்தது. தவணைகள் தவற, விதிப்படி மாமாவுக்குக் கடிதம் போனது. மறுநாள் காலையில் ஜலால்தீன் நானா வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. வழி தவறிய ஆளைப்போல இருந்தார்.

"என்ன சேர் இது? மச்சான்ட சம்பளத்துல வெட்டப் போறீங்களாம். மகளுக்கு இன்னும் வேற வேல சரிவரல்லியே."

"நானா, அதை அண்டைக்கே வாசிச்சுக் காட்டினனே."

"வாசிச்சீங்க. ஆனா வட்டியில்லாட்டி அது அழகிய கடன்தானே சேர்? கடன்பட்டவன் கஷ்டத்துல இருந்தா, அவனுக்கு லேசாகிற வரைக்கும் பொறுக்கணும். எங்கட மார்க்கத்துல அப்பிடித்தான். கவர்மெண்டும் அதத்தான் தருதெண்டு நினைச்சன்."

கடனுக்கு முன்னால் அப்படி ஒரு சொல் வரும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். அவர் ஏமாற்ற வந்தவரல்ல. வட்டியில்லை என்று நான் சொன்னதும் அவர் காதில் பொறுமையும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. வங்கியிலோ வட்டியில்லை என்றால் வட்டி மட்டும்தான் இல்லை. மேனேஜரிடம் போய் அவகாசம் கேட்டேன். "நீங்க புதுசா வந்தவரா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். மாமாவின் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. பெருநாளைக்குக்கூட மாமா வீட்டுக்கும் நானா வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை என்று பிறகு அறிந்தேன்.

3. ஒரே பதில்

கொஞ்ச நாளில் ஷிபானா தனியாக வந்தாள். இரண்டு வேலை வந்திருந்தது. ஒன்று மறுபடியும் கண்டல் நடுகை, ஒரு வருட ஒப்பந்தம். மற்றது முந்தல் பக்கம் ஒரு இறால் பண்ணையில் சூழல் அதிகாரி. நிரந்தரம், சம்பளம் இரட்டிப்பு.

"பண்ணைக்குப் பின்னால உள்ள கண்டல வெட்டி குளம் பெருப்பிக்கப் போறாங்க சேர். அனுமதிக்கு அறிக்கை எழுத ஒரு பட்டதாரி வேணுமாம்" என்றாள். பிறகு, "அண்டைக்குப் போட்ட கணக்க இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

போட்டேன். கணக்குக்கு ஒரே பதில்தான் இருந்தது. அவள் எதிரில் இருந்தபடியே தாளைத் தலைகீழாக வாசித்துவிட்டாள்.

"உம்மா அவட கூடப்பிறப்பான மாமாட முகத்தில முழிக்க ஏலாம இருக்கா சேர். கண்டல் எனக்குச் சொந்தமில்ல. மாமா சொந்தம்."

எழுந்து போய்விட்டாள். அடுத்த மாதத்திலிருந்து தவணை, பண்ணையின் சம்பளத் தேதியிலேயே வந்து விழுந்தது. புதியவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தால் மேனேஜர் இந்தக் கடனைத்தான் உதாரணம் காட்டுவார்.

தம்பி தங்கைகளே, சம்பளத்தையும் கடனையும் எதிரெதிரே எழுதினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கண்டல் படித்தவரின் சம்பளம் வாடைக் காலத்து மீன்பாடு மாதிரி, வரும் போகும். தவணைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கை வெறுமையான மாதத்தில் யார் தலையில் விழும் என்று கேளுங்கள். "வட்டியில்லை" என்று சொன்னால், அவர்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேளுங்கள்.

போன கிழமை பஸ்ஸில் முந்தலைத் தாண்டிப் போனேன். அந்தப் பண்ணைக்குப் பின்னால் புதுக் குளங்கள் வெயிலில் மின்னின, ஒரு கண்டல் மரமும் இல்லை. கண்டலைக் காக்கப் படிக்கவென்று என் மேசையிலிருந்து போன காசு, கண்டலை வெட்டி வெட்டி மாதா மாதம் வங்கிக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.