கண்ணில் ஒரு கறுப்புப் பட்டி

கண்ணை மட்டும் கறுப்புப் பட்டியால் மறைத்துவிட்டால் ஆளை அடையாளம் தெரியாதா? நான்காம் தரத்தில் படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது.

சனிக்கிழமைகளில் என் கணவர் வேலை முடிந்து வரும்போது குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். எழுத்துகள் பெரியவை, மகளுக்கு வாசிப்புப் பழகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் முதல் பக்கப் படத்தில் ஓர் அரசியல்வாதி கோப்பால் முகத்தை மறைத்தபடி வாகனத்திலிருந்து இறங்கினார். அவர் கைப்பையைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதை நோக்கி ஓர் அம்பு. 'பைக்குள் இருந்தது என்ன?' என்று அரைப் பக்கத்துக்குத் தலைப்பு. பக்கத்தில் நின்ற பெண்ணின் கண்ணில் கறுப்புப் பட்டி. செய்தியை இரண்டு தரம் வாசித்தும் பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேள்விக்குறி போட்டுவிட்டால் பதில் சொல்லும் கடமை பத்திரிகைக்கு இல்லை போலிருக்கிறது.

நேற்று மகள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்காகத் தான் தயாரித்த பக்கத்தைக் காட்டினாள். 'முதல் பரிசு வீட்டைக் கட்டியது யார்?' என்று சிவப்பில் கொட்டை எழுத்து.

போன மாதம் கைப்பணிப் போட்டிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளால் அவள் கட்டிய வீடு சாய்ந்து நின்றது. அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் அதைக் கொஞ்சம் நிமிர்த்தலாம் என்று உட்கார்ந்த நான், புதிதாக ஒரு வீட்டையே கட்டி முடித்துவிட்டேன். அதற்கு முதல் பரிசு கிடைத்து, இப்போது வகுப்புக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

தலைப்புக்குக் கீழே கொண்டை போட்ட ஒரு பெண். கையில் பசைப் போத்தல், அதற்குச் சிவப்பு வட்டம். கண்ணில் கறுப்புப் பட்டி போட்டிருந்தாள்தான். ஆனால் நான் பள்ளி வாசலுக்குப் போட்டுக்கொண்டு போகும் சுடிதாரின் மஞ்சள் பூக்களை ஒன்றுவிடாமல் வரைந்திருந்தாள்.

"நெருங்கிய வட்டாரம் சொன்னதுனு எழுதியிருக்கியே, யாரு அது?"

"தம்பி."

"அவனுக்கு இன்னும் பேச்சே வரலையே."

"அதான் பேரு போடல."

கணவர் தேநீரை உறிஞ்சியபடி எட்டிப் பார்த்தார். "கேள்விக்குறி போட்டிருக்கா. நீ கேஸ் போட முடியாது."

"எல்லாம் நீங்க வாங்கிட்டு வர்ற பேப்பராலதாங்க."

மகள் பென்சிலைத் தீட்டிக்கொண்டு வந்தாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க? அதையும் போடணும்."

"இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அப்புறம் பேசலாம்."

'கருத்துக் கூற மறுத்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டேன். "பரிசு வாங்கினப்ப சந்தோஷமாத்தானே இருந்த?"

"எல்லாரும் கை தட்டினாங்க. நான் கட்டுன வீடு எங்கம்மா?"

அதைப் பிரித்துத்தான் என் கூரைக்குக் குச்சி எடுத்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்தை நாளை கொடுக்க வேண்டும். கொடுக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. நானே முந்திக்கொண்டு டீச்சரிடம் சொல்லிவிடலாம்; பரிசைத் திருப்பி வாங்கினால் பிள்ளைக்கல்லவா அவமானம் என்றும் தோன்றுகிறது. பேசாமல் இருந்தால் அதுவும் சரியில்லை. பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள். நாளை எந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.